கயத்தாறு பார்சல்

ஜூன் 4

இன்று பதினொரு பார்சல் போனது. வடிவு விலாசம் எழுதினாள், நான் கட்டினேன். பிரஷர் 130/80.

புது நோட்டு தொடங்கியிருப்பதால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்த காலம் முழுவதும் தினமும் டைரி எழுதியாக வேண்டும். எந்த ஊருக்குப் போனேன், எந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டேன், எந்த வீட்டில் கதவைத் திறக்கவில்லை என்று எழுதி மேலே கையெழுத்து வாங்க வேண்டும். இப்போது கையெழுத்துப் போட ஆள் இல்லை. எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

வடிவு என் மருமகள். என் மகன் பிரம்மநாயகம் பைபாஸ் ரோட்டில் லாரி மோதி இறந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. பிள்ளை இல்லை. வடிவுக்குத் தாய் தகப்பன் இல்லை, பம்பாயில் ஒரு அண்ணன் இருக்கிறான். காரியம் முடிந்ததும் அவன் வந்து கூப்பிட்டான். அவள் போகவில்லை. நானும் போ என்று சொல்லவில்லை.

புத்தக வியாபாரம் தானாக வந்தது. சர்க்கார் தேர்வுக்கு என்று வாங்கி வைத்திருந்த கைடுகளை, இரண்டாம் தடவையும் தேறாத வெறுப்பில் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். அன்றைக்கே ஏழு பேர் கேட்டார்கள். "அத்தே, நம்மகிட்ட இல்லாத புத்தகத்தையெல்லாம் கேக்காவ" என்றாள். அப்படித் தொடங்கியது. இப்போது பாளையங்கோட்டையில் பழைய பேப்பர் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் அவளுக்குப் போன் போடுகிறார்கள். வாங்கி வந்து, தூசி தட்டி, மாடியில் வெயில் காட்டி, பூச்சி இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டி, ஜன்னல் ஓரம் வைத்துப் படம் எடுப்பாள். முன் அட்டை, பின் அட்டை, கிழிந்த இடம். கிழிந்த இடத்தைக் கட்டாயம் எடுப்பாள். "அத மறைச்சு வித்தா ஒரு தடவதான் வாங்குவாவ" என்பாள்.

கட்டுவது என் வேலை. புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய கை. நான் கட்டிய பார்சலில் மூலை மடியாது, தண்ணீர் இறங்காது. மற்றபடி எனக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது.

ஜூன் 11

எட்டு பார்சல். அவரைக்காய் பொரியல். பிரஷர் பார்க்கவில்லை.

ஜூன் 19

இன்று ஒரு புகார் வந்தது.

கயத்தாறிலிருந்து ஒருவர் போன் செய்தார். போன வாரம் வாங்கிய துப்பறியும் நாவலில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லையாம். வடிவு கையில் பசை இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டாள். எப்படித் தவறவிட்டாள் என்று அவளுக்கே புரியவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்றாள்.

"பணமெல்லாம் வேண்டாங்க. கொல பண்ணுனது யாருன்னு மட்டும் சொன்னாப் போதும். நான் கரண்டு எடுக்குத காத்தாடிக் கம்பெனியில மேல ஏறி வேல பாக்கேன். நேத்து ஒசரத்துல நிக்கும்போதும் அதே நெனப்புதான்."

அதே நாவலின் இன்னொரு பிரதி எங்களிடம் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கரையான் தின்றது, எடைக்குப் போட என்று ஒதுக்கி வைத்தது. வடிவு அதை எடுத்து வந்தாள். "அனுப்பி வச்சா மூணு நாளாவும். வாசிக்கவா?" என்றாள். அந்த ஆள் சரி என்றார்.

பதினாறு பக்கத்தையும் வாசித்தாள். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொருவர் பேசுகிற இடத்திலும் குரலை மாற்றி வாசித்தாள். அவள் அப்படி வாசிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

"நான் தோட்டக்காரன்னுல்லா நெனச்சேன்" என்றார் அவர்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லி வடிவு சிரித்தாள்.

நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது.

ஜூன் 27

கயத்தாறுக்கு நான்கு புத்தகம். அவர் பெயர் வேலாயுதம் என்று விலாசத்தில் இருக்கிறது.

ஜூலை 5

மகாராஜ நகரில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று தகவல் வந்து நானும் வடிவும் ஆட்டோவில் போனோம். அந்த வீட்டுப் பெரியவர் கண் தெரியாமல் போன பிறகு மகன் வீட்டுக்குப் போகிறார். ஒரு அறை முழுக்கப் புத்தகம். வடிவு ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரை வாசிக்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து "அது போகட்டும்", "அது இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கண் தெரியாதவருக்கு எதற்கு இருக்கட்டும் என்று மகன் முணுமுணுத்தான். வடிவு அவனைப் பார்க்கவே இல்லை. இருக்கட்டும் என்று சொன்னதையெல்லாம் தனியாக ஒரு பெட்டியில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டச் சொல்லி என்னிடம் தந்தாள். நல்ல கட்டாகக் கட்டினேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கால் வைக்க இடம் இல்லை. மூட்டை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தோம். வழியில் இருவரும் இளநீர் குடித்தோம். அவளுக்கு வழுக்கை பிடிக்கும் என்பதால் என்னுடையதையும் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது. கயத்தாறு. மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டுப் பேசினாள். புத்தகத்தைப் பற்றித்தான் பேசினாள். இருபது நிமிடம் புத்தகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, நான் படிக்கிறவள் இல்லை.

பிரஷர் 148/90. மூட்டை தூக்கியதால் இருக்கும்.

ஜூலை 16

பிரஷர் 150/90. ஊறுகாயை நிறுத்த வேண்டும்.

ஜூலை 22

ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட புத்தகங்களுக்குச் செங்கல் வைக்க வேண்டியிருக்கிறது. கயத்தாறு பக்கம் இந்தக் காற்றில் காத்தாடிகள் நிற்காமல் சுற்றுமாம், அதனால் வேலாயுதத்துக்கு ஓய்வே கிடையாதாம். ஒரு வாரமாகப் போன் இல்லை.

வீடு அமைதியாக இருந்தது. பிரஷர் 128/80.

ஜூலை 25

வடிவு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு பார்சலில் சேலம் விலாசத்தை எழுதிவிட்டு உள்ளே ஓசூர்க்காரர் புத்தகத்தை வைத்துவிட்டாள். நல்ல வேளை, நான் கட்டுவதற்கு முன் பார்த்தேன்.

ஜூலை 28

போன் வந்தது. ராத்திரிக்கு மூன்று தோசை சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 12

கயத்தாறு பார்சலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தபால் ஆபீசில் போட்டேன். பை கனமாக இருந்தது. அதை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 14

கயத்தாறு பார்சல் மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 18

வடிவு கேட்டாள், "அத்தே, கயத்தாறு பார்சலுக்கு நம்பர் எங்க? அவிய கேட்டாவ."

தபால் ஆபீசில் கூட்டமாக இருந்தது, நாளைக்குப் போடுகிறேன் என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் அது பத்திரமாக இருக்கிறது. நனையாது.

எனக்கு வயது அறுபத்திரண்டு. இந்த வயதில் மறதி வருவது சகஜம்.

ஆகஸ்ட் 24

ஞாயிற்றுக்கிழமை. வேலாயுதம் நேரில் வந்துவிட்டான்.

பதினொரு மணி இருக்கும். வாசலில் ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டையும் ஷூவையும் வெளியே கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, "அம்மா, புத்தக வீடு இதுதானா?" என்று கேட்டான். நாற்பது வயது சொல்லலாம். வெயிலில் கறுத்த முகம். உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருந்தது. கம்பெனிக்கு ஏதோ சாமான் வாங்க ஜங்ஷனுக்கு வந்தானாம், பார்சல் வந்து சேராததால் அப்படியே ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தானாம். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சாமான் கடை திறந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

காப்பி போட்டேன். வடிவு தலைக்குக் குளித்து ஈரத்துண்டு கட்டிய தலையோடு அடுப்படி வாசலில் நின்றாள். அவன் என்னிடமே பேசினான்.

"அவ்வளவு ஒசரத்துல பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"ஏறும்போது இருக்கும்மா. மேல போயிட்டா இருக்காது. மழ வாரது முதல்ல எங்களுக்குத்தான் தெரியும். தென்காசிப் பக்கம் மலமேல வெள்ளையா எறங்கும். கீழ இருக்கவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுவோம், துணிய எடுத்து வைங்கன்னு. ஒருத்தரும் நம்பமாட்டாவ."

வடிவு சிரித்தாள். அவன் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அரை மணி நேரத்தில் அவளை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவன் எவ்வளவு பாடுபட்டான் என்று எனக்குத் தெரிந்தது. வீடு வீடாகப் போய் வந்தவள் நான். ஒரு வீட்டில் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யாரைப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்று உட்கார்ந்த உடனே தெரிந்துவிடும்.

அவன் எழுந்தபோது, "இரு தம்பி" என்று சொல்லி உள்ளே போய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பார்சலை எடுத்து வந்து கொடுத்தேன். "இங்கதான் விழுந்து கெடந்திருக்கு" என்றேன். அதன் மேல் தூசி படிந்திருந்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

வடிவு டம்ளர்களைக் கழுவினாள். கழுவி முடித்து என் பக்கம் திரும்பாமலே, "தபால் ஆபீஸ்ல கூட்டம்னு சொன்னியள்லா அத்தே" என்றாள்.

பிறகு மாடிக்குப் போய்ப் புத்தகங்களைத் திருப்பிப் போட்டாள்.

ஆகஸ்ட் 25

ஆறு பார்சல்.

செப்டம்பர் 9

இப்போதெல்லாம் கயத்தாறிலிருந்து போன் வருவதில்லை. நானும் கேட்கவில்லை. வடிவு வேலைகளைச் சரியாகச் செய்கிறாள். எனக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தாள். ஏதோ படம் போட்டிருக்கிறான் போகலாமா அத்தே என்று கேட்டு, தியேட்டருக்கும் கூட்டிப் போனாள். முன்னைவிட என்னை நன்றாகத்தான் கவனித்துக்கொள்கிறாள்.

பிரஷர் 124/80.

செப்டம்பர் 17

இன்று வடிவு குளிக்கப் போயிருந்தபோது அவள் போன் மினுங்கியது. கடைக்கு வரும் ஆர்டர்களைப் பார்த்துச் சொல்வது வழக்கம் என்பதால் எடுத்துப் பார்த்தேன். வேலாயுதம். போன வாரம் ஒரு பழைய கடல் பயணக் கதையைக் கேட்டிருக்கிறான். வடிவு "ஸ்டாக் இல்லை" என்று பதில் போட்டிருக்கிறாள். அதற்கு அவன் இன்றைக்கு, "சரிங்க. உடம்பைப் பாத்துக்கிடுங்க" என்று எழுதியிருக்கிறான்.

அந்தப் புத்தகம் அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. நீல அட்டை. மகாராஜ நகர் மூட்டையில் வந்தது. நானே துடைத்து அடுக்கினேன்.

போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். வடிவு வந்து தலை துவட்டிக்கொண்டே, "எதுவும் ஆர்டர் வந்துச்சா அத்தே?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

செப்டம்பர் 18

பிரஷர் 120/80. இப்படி இருந்து எத்தனையோ வருடம் ஆகிறது. டாக்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

மத்தியானம் சாதம் இறங்கவில்லை.

அக்டோபர் 6

வடிவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்திருக்கிறது. தட்டணுக்கள் குறைவாக இருக்கின்றன, ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு இல்லை; வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஆகாரம் நிறையக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஊரார் பிள்ளைக்கு ஒரு தடவை வைத்தால் போதும்; இவளுக்குத் தெர்மாமீட்டரை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 8

காய்ச்சல் 103. ஈரத்துணி போட்டேன். இளநீர், கஞ்சி, உப்புக் கரைசல். கண் திறந்து, "ஆர்டரெல்லாம் நிக்குது அத்தே" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன், தூங்கு என்றேன்.

பேச்சை அப்படியே அனுப்பும் வசதி போனில் இருக்கிறது. அதை அமுக்கி, "வடிவுக்குக் காய்ச்சல். கடை ஒரு வாரம் லீவு. இப்படிக்கு அவ மாமியார் ஆவுடையம்மாள்" என்று பேசி எல்லோருக்கும் போகும்படி செய்தேன். ஒரு மணி நேரத்தில் பதில்கள் வந்து குவிந்தன. அரக்கோணத்தில் ஒரு டீச்சர், துபாயில் ஒரு டிரைவர், பொள்ளாச்சியில் ஒரு பாட்டு வாத்தியார். யாரும் புத்தகம் எப்போது வரும் என்று கேட்கவில்லை. பப்பாளி இலைச் சாறு கொடுங்கள் என்று பாதிப் பேர், கொடுக்காதீர்கள் என்று மீதிப் பேர். ஒவ்வொன்றாக அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

எல்லாப் பெயரையும் வாசித்து முடித்த பிறகும் இன்னொரு பெயரை எதிர்பார்ப்பது போல் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். கயத்தாறிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அக்டோபர் 9

காலையில் வந்தது. எழுத்தாக இல்லை, போன். வடிவு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, வேலாயுதம் பேசுதேன். ரெண்டு நாளா மேலயே வேல, போன எடுத்துப் பாக்க முடியல. இப்பத்தான் பாத்தேன். அவிய எப்படி இருக்காவ?"

காய்ச்சல் இறங்கிவிட்டது, இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும் என்றேன். ரத்தம் ஏதும் வேண்டுமா, வண்டி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். போனை வைக்கப் போனான்.

"ஒரு நிமிஷம் தம்பி. ஒனக்கு வயசு என்ன?"

"நாப்பத்தொண்ணும்மா."

"கல்யாணம் ஆயிட்டா?"

"இல்லம்மா. அப்பா எட்டு வருஷம் படுக்கையில கெடந்தாவ. ரெண்டு தங்கச்சி இருந்தாளுவ. அவளுகளக் கட்டிக் குடுத்துட்டு நிமுந்து பாத்தா இப்படி ஆயிட்டு."

"குடிப்பியா?"

"முன்னால கூட்டத்தோட குடிப்பேன். மேல ஏறுத வேலைக்கு வந்தப்புறம் விட்டுட்டேன்."

"சுகர், பிரஷர்?"

"சுகர் இல்ல. பிரஷர் பாத்ததில்ல."

"ஒசரத்துல ஏறுத ஆளு பாக்காம இருக்கலாமா? பாத்துட்டுச் சொல்லு."

சரி என்றான். பிறகு அவனே பேசினான். "ஸ்டாக் இல்லன்னு சொன்னாவம்மா. வேற ஒரு புத்தகத்தப் படம் எடுத்துப் போட்டிருந்தாவ, அதுல பின்னால அலமாரியில அந்தப் புத்தகம் தெரிஞ்சிச்சு. நான் கேக்கல. எனக்கு விளங்கிட்டு."

"ஒனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றேன். "அந்தப் பார்சல ஒளிச்சு வச்சது நான். அது அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்காகத்தான் ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டா. அவ நல்லானதும் ஒரு ஞாயித்துக்கெழம வா."

"அவிய வரச் சொன்னாவளா?"

"நான் சொல்லுதேன்."

காற்று இரைகிற சத்தம்தான் கேட்டது. பிறகு, "அவிய சொன்னா வாரேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அக்டோபர் 16

வடிவு எழுந்து நடக்கிறாள். ரசம் சாதம் சாப்பிட்டாள். தட்டணுக்கள் ஏறிவிட்டன. மாடிக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 17

வேலாயுதத்திடம் பேசியதை அவளிடம் சொன்னேன். வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பார்சல ஒளிச்சு வச்சதும் நீங்க. இப்பம் வான்னு கூப்பிட்டதும் நீங்க. நடுவுல நான் யாரு அத்தே?"

அவள் கேட்டது சரிதான். அவளுக்காக என்று நினைத்துக்கொண்டு நான் செய்தவற்றில் அவளைக் கேட்டுச் செய்தது ஒன்றுகூட இல்லை.

"இனிமே ஒண்ணும் செய்யமாட்டேன்" என்றேன். "ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படி."

அவள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 18

பேச்சு இல்லை. மூன்று பார்சல்.

அக்டோபர் 22

தீபாவளி முடிந்துவிட்டது. இந்த வருடமும் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து பழைய பாடப்புத்தகங்களில் பென்சில் எழுத்தை அழித்துக்கொண்டிருந்தோம். வடிவு அழிப்பதை நிறுத்தாமல் பேசினாள்.

"எனக்கு அவியளப் பிடிச்சிருக்கு அத்தே."

"தெரியும்."

"அதுக்காக இவியள மறந்துட்டேன்னு இல்ல." சுவரில் இருக்கும் பிரம்மநாயகம் படத்தைத்தான் சொன்னாள்.

"அதுவும் தெரியும்."

"நான் போயிட்டா ஒங்களுக்கு யாரு இருக்கா?"

"ஊர் ஊரா சைக்கிள்ல தனியாப் போயி வந்தவ நான். என்னத்துக்குப் பயப்படுத?"

"அது வேற, இது வேற."

நான் ஒரு பக்கம் முழுவதையும் அழித்து முடித்தேன். ரப்பர் தூளை ஊதினேன். "வேறதான்" என்றேன். "பயமாத்தான் இருக்கு. அதுக்காக ஒன்னய இங்கன பிடிச்சு வச்சுக்கிட்டா எனக்குப் பயம் போயிருமா? நீ சாப்பிடாம இருக்கத தெனமும் பாத்துக்கிட்டு இருக்கணும். அது அதவிட மோசம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் விழுந்து பக்கம் நனைந்துவிடப் போகிறதே என்று புத்தகத்தை அவள் மடியிலிருந்து எடுத்து வைத்தேன். பிறகு அவள் தலை என் மடியில் இருந்தது. காய்ச்சலில் முடி நிறையக் கொட்டியிருக்கிறது. செம்பருத்தி எண்ணெய் காய்ச்ச வேண்டும்.

அக்டோபர் 23

வடிவு மாடிக்குப் போய் அவளே போன் செய்தாள். இறங்கி வந்து, "ஞாயித்துக்கெழம வாராவ. என்ன சமைக்கலாம்?" என்று கேட்டாள். நீல அட்டைப் புத்தகம் அலமாரியில் இல்லை. மேசை மேல் எடுத்து வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 26

வந்தான். இந்தத் தடவை அவளைப் பார்த்துப் பேசினான். சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் ஒரு மருந்துக்கடைச் சீட்டைக் காட்டினான். பிரஷர் பார்த்திருக்கிறான். 118/76. என்னைவிட நன்றாக இருக்கிறது.

நவம்பர் 2

அம்பாசமுத்திரத்திலிருந்து நாத்தனார் பூரணம் போன் செய்தாள். வடிவும் வேலாயுதமும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு பண்ணிய விஷயம் எப்படியோ போயிருக்கிறது.

"மதினி, ஒங்களுக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? மகன் போன வீட்டு மருமகளுக்கு நீங்களே நின்னு கட்டி வைக்கியளாமே. நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"பூரணம், இவளுக்கு டெங்கு வந்து கெடந்தப்பம் அந்த நாலு பேர்ல ஒருத்தரும் வரல. புத்தகம் வாங்குத ஆளுக, மொகம் தெரியாத ஆளுகதான் தெனமும் கேட்டாவ" என்றேன்.

"எனக்குச் சொல்லவே இல்லியே" என்றாள். வந்திருப்பாள்தான். கோபக்காரியே தவிர கெட்டவள் இல்லை. தேதி சொன்னேன். பார்க்கலாம் என்றாள்.

பம்பாய் அண்ணனிடம் வடிவு பேசினாள். அவன் அழுதானாம். லீவு கிடைத்தால் வருகிறானாம்.

நவம்பர் 20

பூரணம் வந்துவிட்டாள். அரை மூட்டை அரிசியும் ஒரு பட்டுப் புடவையும் கொண்டுவந்தாள். புடவை நிறம் வடிவுக்குப் பொருந்தாது என்று நானும் பூரணமும் சண்டை போட்டோம். வடிவு அதையே உடுத்திக்கொள்கிறேன் என்றுவிட்டாள்.

நவம்பர் 21

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடிந்தது. மாலை மாற்றிக்கொண்டார்கள். வேலாயுதத்தின் தங்கைகள் இரண்டு பேரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பம்பாய் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை.

சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த கிளார்க் பெண் தலை நிமிராமல், "நீங்க என்ன உறவும்மா?" என்று கேட்டாள்.

"மாமியார்" என்றேன்.

"மாப்பிள்ளையோட அம்மாவா?"

"இல்ல. பொண்ணோட மாமியார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னையும் வடிவையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டாள். "உக்காந்து போடுங்கம்மா" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். நன்றாக வந்தது.

மத்தியானம் எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டோம். பிறகு வடிவு கயத்தாறுக்குப் போனாள். அவன் வீட்டில் ஒரே அறைதான், இன்னும் பெரிய இடம் பார்க்கவில்லை. அதனால் புத்தகங்கள் இப்போதைக்கு இங்கேயே இருக்கும். ஆர்டரை அவள் அங்கிருந்து பார்ப்பாள், எடுத்துக் கட்டி அனுப்புவது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். வண்டியில் ஏறிய பிறகு இறங்கி வந்து, பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்கே காட்டிவிட்டுப் போனாள்.

நவம்பர் 22

பூரணம் காலை பஸ்ஸில் ஊருக்குப் போனாள்.

நவம்பர் 24

ஒரு ஆளுக்குக் காப்பி போட எவ்வளவு பால் என்று கைக்குத் தெரியவில்லை. இரண்டு டம்ளரும் நானே குடித்தேன்.

நவம்பர் 25

மழை. தபால் ஆபீஸ் போகவில்லை.

நவம்பர் 30

ஞாயிறு. மழை விடவில்லை, ரோட்டில் தண்ணீர். வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். வடிவு அரை மணி நேரம் போனில் பேசினாள். சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டாள். சாம்பார், பீன்ஸ் என்றேன். பழைய சாதம்தான் சாப்பிட்டிருந்தேன்.

டிசம்பர் 3

காலையில் வடிவு போனில் சொல்லச் சொல்லப் புத்தகம் எடுத்தேன். "மூணாவது தட்டு, இடது ஓரம், பச்ச அட்ட. இல்ல, அதுக்கு அடுத்தது." படமும் நானே எடுத்து அனுப்பினேன். எல்லாப் படத்திலும் என் கட்டைவிரல் விழுந்திருக்கிறதாம். அப்படியே போட்டுவிட்டாள். துபாய் டிரைவர், விரலும் சேர்த்தா விலை என்று கேட்டிருக்கிறார். அரக்கோணம் டீச்சர், அது மாமியார் விரல்தானே என்று கேட்டிருக்கிறார்.

ஐந்து பார்சல். மத்தியானம் பீன்ஸ் வாங்கிப் பொரியல் செய்தேன்.

டிசம்பர் 7

இன்று ஞாயிறு. காலையிலிருந்து தூறல். இந்த மழையில் எங்கே வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் உளுந்து ஊறப்போட்டேன்.

பத்தரை மணிக்கு வாசலில், "அத்தே, கதவத் தொறங்க. நனையுது" என்று சத்தம் கேட்டது.

ஆண் குரல். இந்த வீட்டு வாசலில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிரம்மநாயகத்துக்கு நான் அம்மா. ஊருக்கு நர்சம்மா. கதவுக்குப் போகும் வழியில் ஒரு நொடி நின்றுவிட்டேன்.

திறந்தேன். வேலாயுதம் ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். அதன் மேல் தன் மழைக்கோட்டைப் போர்த்தியிருந்தான். அவன் தெப்பமாக நனைந்திருந்தான். பின்னால் வடிவு, அவளும் நனைந்து, இன்னொரு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருகிற வழியில் ஒரு பேப்பர் கடையில் நல்ல சரக்கு கிடைத்ததாம். போட்டுவிட்டு வர மனம் வரவில்லையாம்.

"மொதல்ல தலையத் தொடைங்க, புத்தகத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

கூடம் முழுக்க விரித்துப் போட்டு, ஈரம் பட்டவற்றைப் பிரித்து, பக்கங்களுக்கு நடுவில் பழைய செய்தித்தாள் வைத்தோம். மூன்று பேர் இருந்ததால் சீக்கிரம் முடிந்தது. ஒரு சமையல் புத்தகத்துக்கு மட்டும் அட்டை போய்விட்டது. வேலாயுதம் ஒவ்வொன்றையும் எடுத்துக் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தான்.

வடை சுட்டேன். காரம் கொஞ்சம் கூடிவிட்டது. இலையில் உட்கார்ந்து இரண்டாவது வடையைக் கடித்ததும் இருவரும் ஒரே சமயத்தில், "அத்தே, தண்ணி" என்றார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்று தெரியவில்லை. சொம்பை நடுவில் வைத்துவிட்டு நானும் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தேன்.